சரியாகத் திருப்பிச் சொன்ன தப்பு நம்பர்

போன்ல யாராவது நம்பர் சொன்னா நாம என்ன பண்ணுவோம்? எழுதிக்கிட்டு ஒரு தடவை திருப்பிச் சொல்வோம். அவர் "ஆமா, அதேதான்"னு சொன்னதும் போனை வச்சிடுவோம். விமானிகளும் இதையேதான் செய்கிறார்கள். கட்டுப்பாட்டாளர் ஓர் உயரம் சொன்னால் விமானி அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும், கட்டுப்பாட்டாளர் அதைக் காது கொடுத்துக் கேட்க வேண்டும். இதற்கு ரீட்பேக் என்று பெயர். இந்த ஏற்பாடு எங்கே உடைகிறது என்பதுதான் இந்தப் பதிவு.

முதல் வகை உடைப்பு எல்லாரும் பாடமாகச் சொல்வது. 1989 பிப்ரவரி 19. சிங்கப்பூரிலிருந்து கோலாலம்பூரின் சுபாங் விமான நிலையத்துக்கு ஃப்ளையிங் டைகர் நிறுவனத்தின் போயிங் 747 சரக்கு விமானம் இறங்கிக்கொண்டிருந்தது. கட்டுப்பாட்டாளர் "டிசென்ட் டூ ஃபோர் ஸீரோ ஸீரோ" என்றார். அவர் சொன்னது 2400 அடி. காக்பிட்டில் விழுந்தது "400 அடிக்கு இறங்கு". ஆங்கிலத்தில் இரண்டு என்ற எண்ணுக்கும் 'க்கு' என்ற உருபுக்கும் ஒரே ஒலி, அவ்வளவுதான் விஷயம். (தமிழில் சொல்லியிருந்தால் இந்தக் குழப்பம் வந்தே இருக்காது!) கேப்டன் "ஓகே, ஃபோர் ஸீரோ ஸீரோ" என்று பதில் சொன்னார். தவறு அந்தப் பதிலிலேயே அப்பட்டமாகத் தெரிந்தது, ஆனாலும் யாரும் திருத்தவில்லை. தரை நெருங்குகிறது என்ற எச்சரிக்கைக் குரல் காக்பிட்டில் ஒலித்தும் விமானம் மேலே ஏறவில்லை. கடல்மட்டத்திலிருந்து 437 அடி உயரத்தில் ஒரு குன்றில் மோதியது. விமானத்தில் இருந்த 4 பேரும் இறந்தார்கள்.

"ஆல்டிட்யூட்" என்ற சொல்லைச் சேர்த்து, "டூ தௌசண்ட் ஃபோர் ஹண்ட்ரட் ஃபீட்" என்று முழுசாகச் சொன்னால் இந்தச் சிக்கல் இல்லை. ரேடியோப் பேச்சு விதிகள் இன்று அப்படித்தான் சொல்லச் சொல்கின்றன.

இரண்டாவது வகைதான் எனக்கு அதிகம் உறைக்கிறது. ஏன்னா அதில் எல்லாரும் விதிப்படிதான் பேசினார்கள்.

அதைச் சொல்வதற்கு முன் ஆல்டிமீட்டரைப் பற்றிக் கொஞ்சம். அது உயரத்தை நேரடியாக அளக்கும் கருவி இல்லை. காற்றழுத்தத்தை அளந்து அதை அடிக்கணக்காக மாற்றிக் காட்டுகிறது. ஆனால் அழுத்தம் ஊருக்கு ஊர், மணிக்கு மணி மாறும். அதனால் இறங்குமுன் அந்த இடத்தின் கடல்மட்ட அழுத்தத்தைக் கேட்டு, கருவியில் திருகி வைக்க வேண்டும். இந்த எண்ணுக்குத்தான் க்யூஎன்எச் என்று பெயர். இதில் 1 ஹெக்டோபாஸ்கல் தப்பினால் உயரம் சுமார் 28 அடி தப்பும்.

2022 மே 23. ஸ்டாக்ஹோமிலிருந்து பாரிஸ் சார்ல் த கோல் விமான நிலையத்துக்கு ஓர் ஏர்பஸ் ஏ320 வந்துகொண்டிருந்தது. மழை, மேகம். உண்மையான அழுத்தம் 1001. கட்டுப்பாட்டாளர் வாய் தவறி 1011 என்றார். விமானிகள் 1011 என்று அட்சரம் பிசகாமல் திருப்பிச் சொன்னார்கள். சொன்னதும் கேட்டதும் ஒன்றுதான், ரீட்பேக் பாஸ். ஆனால் ரீட்பேக் சோதிப்பது அதை மட்டும்தானே? சொன்ன எண் உண்மையா என்று அது பார்ப்பதே இல்லை. நான் என் நம்பரையே தப்பாகச் சொல்லி, நீங்க அதைச் சரியாகத் திருப்பிச் சொன்ன மாதிரி.

10 ஹெக்டோபாஸ்கல் வித்தியாசம் என்றால் சுமார் 280 அடி. விமானம் எங்கே இருப்பதாகக் கருவி காட்டியதோ, அதைவிட 280 அடி கீழே இருந்தது. வழக்கமான ஐ.எல்.எஸ். வேலை செய்திருந்தால் இது பெரிய விஷயமே இல்லை. அது தரையிலிருந்து அனுப்பும் ரேடியோக் கற்றை, விமானத்தின் அழுத்த எண்ணைச் சார்ந்தது அல்ல. அன்றைக்கு அந்த ஓடுபாதையில் அது இயங்கவில்லை. அதனால் பக்கவாட்டுக்குச் செயற்கைக்கோள், உயரத்துக்குக் காற்றழுத்தம் என்ற முறையில் இறங்கினார்கள். இதில் இறங்கும் சரிவு முழுவதுமே அந்த ஒரு எண்ணின்மேல் நிற்கிறது. இரண்டு விமானிகளின் கருவிகளிலும் அதே எண் இருந்ததால், ஒன்றையொன்று ஒப்பிட்டாலும் எல்லாம் ஒத்துப்போகும்.

குறிப்பிட்ட உயரத்துக்கு வந்தும் ஓடுபாதை தெரியாவிட்டால் மேலே ஏறிவிட வேண்டும் என்பது விதி. அந்த உயரம் வந்துவிட்டதாகக் கருவி காட்டியது, ஓடுபாதை தெரியவில்லை, ஏறினார்கள். அந்தக் கணத்தில் தரைக்கும் விமானத்துக்கும் இடைவெளி 6 அடி. ஓடுபாதை இன்னும் ஏறக்குறைய ஒன்றரை கிலோமீட்டர் தள்ளி. கட்டுப்பாட்டு மையத்தில் அலாரம் அடித்தது, ஆனால் அதை ரேடியோவில் சொல்வதற்குள் சில வினாடிகள் ஓடிவிட்டன. காக்பிட்டில் தரை எச்சரிக்கை ஒலிக்கவில்லை. இறங்கத் தயாரான விமானம், ஓடுபாதைக்குப் பக்கத்தில் தரையை நெருங்குவது இயல்புதானே என்று கருவிக்கும் தோன்றியிருக்கும்!

விமானத்தில் 170 பேருக்கு மேல் இருந்தார்கள்.

எவ்வளவு தாழப் போனோம் என்று தெரியாமலேயே அந்த விமானிகள் ஒரு சுற்றுச் சுற்றி மறுபடி இறங்க வந்தார்கள். ஆல்டிமீட்டரில் அப்போதும் 1011தான். இந்த முறை மேகத்துக்குக் கீழே ஓடுபாதை கண்ணில் பட்டது. தாழ்வாக வருவது தெரிந்து, கண்ணால் பார்த்தே சரிசெய்து இறக்கிவிட்டார்கள்.