தோடம்பழமும் பனங்கட்டியும் சேர்ந்த கோழி

வெளிநாடுகளிலிருந்து விடுமுறைக்கு வரும் பிள்ளைகள் கொத்துரொட்டிக்கு அடுத்ததாகக் கேட்பது இனிப்பும் புளிப்புமான சீனக் கோழி. கடைகளில் அதைப் பெரும்பாலும் போத்தல் சோஸில்தான் செய்கிறார்கள். நான் கிளிநொச்சியில் சாப்பாட்டுப் பார்சல் கட்டிக் கொடுத்துச் சீவிக்கிறேன். 2022 நெருக்கடிக்குப் பிறகு ஒரு போத்தல் வாங்கினால் அன்றைய இலாபம் அதோடு போய்விடும். அதனால் வளவில் கிடைப்பதை வைத்தே இதைச் செய்கிறேன்.

புளிப்பின் அருமை மெனிக்பாமில் இருந்தவர்களுக்குத் தெரியும். நிவாரணமாக அரிசி, மா, பருப்பு, சீனி, எண்ணெய் வந்தன. புளிப்புக்கு எதுவும் வரவில்லை. ஒரு தேசிக்காயை நான்கு கூடாரத்தார் பங்கு போட்ட நாட்கள் உண்டு. மீளக்குடியேறியதும் நான் முதலில் நட்டது தேசி, அடுத்தது தோடை. இரண்டும் ஒட்டுக்கன்றுகள். விதையில் முளைத்த கன்று காய்க்க நெடுங்காலம் எடுக்கும். எங்களுக்குக் காத்திருக்கப் பொறுமை மிச்சமிருக்கவில்லை.

தோடம்பழம் வாங்குபவர்கள் பிபிலைப் பழத்தைத் தேடுங்கள். எங்கள் நாட்டின் தாழ்நிலங்களில் இரவுக் குளிர் போதாது. ஆகவே பழுத்த பின்னும் தோலின் பச்சை முழுவதும் மாறாது. பச்சையாக இருக்கிறதே என்று ஒதுக்காதீர்கள். கையில் பாரமாக இருந்தால் உள்ளே சாறு இருக்கிறது.

ஒரு கிலோ கோழிக்கு மூன்று தோடம்பழம், ஒரு தேசிக்காய், 60 கிராம் பனங்கட்டி, ஆறு பல்லு உள்ளி, ஒரு துண்டு இஞ்சி, ஒரு பெரிய வெங்காயம், இடித்த செத்தல் மிளகாய் இரண்டு தேக்கரண்டி போதும். சீனியிலும் செய்யலாம். ஆனால் அது இனிப்பை மட்டும்தான் தரும். பனங்கட்டியில் இலேசான கசப்பும் புகைவாசமும் உண்டு, புளிப்போடு அது நன்றாகப் பொருந்தும். பதுங்குகுழிகளுக்குக் குற்றியாகப் போன பனைகளை நினைத்தால், மிஞ்சியவற்றிலிருந்து வரும் பனங்கட்டியை வாங்குவதும் நல்லதுதான்.

கோழியில் உப்பும் மஞ்சளும் அரைத் தேசிக்காயின் புளியும் பிரட்டி கால் மணித்தியாலம் மட்டும் வையுங்கள். நெருப்புச் செய்யும் வேலையைப் புளியும் செய்யும். கூட நேரம் ஊறினால் இறைச்சியின் மேற்புறம் வெளிறி மாவு போலாகிவிடும். பிறகு தேங்காய் எண்ணெயில் பொரித்து எடுங்கள். ஊர்க்கோழி என்றால் முதலில் கொஞ்சத் தண்ணீரில் முக்கால் மணித்தியாலமாவது அவிக்க வேண்டும். பார்சலுக்கு நான் புறொய்லர்தான் பாவிக்கிறேன், ஊர்க்கோழி விலை கட்டாது.

குழம்பை மண்சட்டியில் வையுங்கள். அலுமினியத் தாச்சியில் புளிப்புப் பட்டால் உலோக ருசி ஏறும். உள்ளி, இஞ்சி, வெங்காயத்தை வதக்கி, மிளகாயைப் போட்டு, இரண்டு பழத்தின் சாற்றோடு பனங்கட்டியைக் கரைத்து விடுங்கள். கரண்டியில் ஒட்டும் பதத்துக்கு வற்றியதும் கோழியைப் போட்டுப் பிரட்டி இறக்குங்கள்.

மூன்றாவது பழத்தின் சாறும் மீதித் தேசிப்புளியும் இறக்கிய பிறகுதான். சொதிக்கு அம்மாமார் எப்போது தேசிப்புளி விடுவார்கள் என்று யோசித்துப் பாருங்கள், அடுப்பால் இறக்கித்தானே? காரணம் இருக்கிறது. இந்தப் பழங்களின் சாறு பிழிந்து வைத்தாலும் கொதித்தாலும் மெல்ல மெல்லக் கசக்கத் தொடங்கும். விதையிலும் தோலின் வெள்ளைப் பகுதியிலும் அந்தக் கசப்பு இன்னும் அதிகம். ஆகவே சாற்றை அவ்வப்போது பிழிந்து, வடித்து விடுங்கள். கடைசிச் சொட்டு வரை நசுக்க வேண்டாம். வாசமோ வெளித்தோலின் எண்ணெயில் இருக்கிறது, சூட்டில் பறந்துவிடும். வெள்ளை வராமல் வெளித்தோலை மட்டும் மெல்லியதாகத் துருவி, கடைசியில் தூவுங்கள். இறக்குமதிப் பழம் என்றால் தோலைச் சேர்க்காதீர்கள், மெழுகு பூசியிருப்பார்கள்.

பார்சலுக்குக் கட்டும்போது குழம்பைச் சோற்றின் மேல் ஊற்றாமல் தனிப் பையில் கட்டுங்கள். மத்தியானம் வரை பொரியல் ஊறாமல் இருக்கும்.