அழுக்கு என்று நினைத்தேன்!
என் மாமியாருக்கு வயது 74. மூட்டுவலி வந்த பிறகு, ஈரத்துணியால் முகம் துடைத்து விபூதி பூசுவதோடு சரி. நான் தேய்த்து விடட்டுமா என்றால், 'மருமக கையால குளிக்கிற அளவுக்கு நான் ஓஞ்சு போயிடல' என்பார். வம்பு எதற்கென்று நானும் விட்டு விட்டேன்.

காதுக்குப் பின்னால் கறுப்பாய் பொருக்கு படிந்திருந்தது. எண்ணெய் அழுக்கு என்றே நினைத்தேன். பொங்கலுக்கு நாத்தனார் வந்தபோது, மகள் பேச்சைக் கேட்டு மணையில் உட்கார்ந்தார். தேங்காய் எண்ணெயில் ஊற வைத்து, வெந்நீரால் துடைத்தோம். அழுக்கெல்லாம் வந்து விட்டது. ஓரிடத்தில் மட்டும் ரத்தம் கசிந்தது. பார்த்தால், நடுவில் குழியாக, ஓரம் மணி கோர்த்தாற்போல் பளபளவென்று ஒரு புண்! மஞ்சள் வைத்தோம். மூன்று வாரமாகியும் ஆறவில்லை. காயும், பொருக்கு உதிரும், மறுபடி ரத்தம்.

தோல் டாக்டர் துளி சதை எடுத்து சோதனைக்கு அனுப்பினார். தோல் புற்றுநோயாம்! எனக்கு கை, கால் ஓடவில்லை. இந்த வகை வேறு உறுப்புக்குப் பரவுவது மிக அபூர்வம், ஆனால் விட்டால் அங்கேயே ஆழமாக அரித்துக் கொண்டே போகும் என்றார். நம்மைப் போன்ற நிறத்தவர்களுக்கு இது குறைவு என்பதாலேயே யாரும் சந்தேகப்படுவதில்லையாம். வலியும் இல்லாததால், அத்தையும் சொல்லவில்லை. மரத்துப்போக ஊசி போட்டு, வெட்டியெடுத்து, தையல் போட்டு அன்றே வீட்டுக்கு அனுப்பினர்.

இப்போது வெள்ளிக்கிழமை எண்ணெய்க் குளியல் என் கையால்தான். காது மடல், முதுகு, உள்ளங்கால் வரை பார்த்து விடுகிறேன். அத்தையின் முணுமுணுப்பு மட்டும் நிற்கவில்லை!

- ஒரு வாசகி, தஞ்சாவூர்.