ஊருக்குத் தக்க பேச்சு: கணிப்பொறியின் சூழல் மாறிகள்

எங்கள் கொழிஞ்சாம்பாறைச் சந்தையில் கடைக்காரர் என்னிடம் தமிழில் விலை சொல்வார். அடுத்து நிற்பவரிடம் மலையாளத்தில் சொல்வார். சரக்கு ஒன்றுதான், தராசும் ஒன்றுதான். ஆளைப் பார்த்துப் பேச்சு மட்டும் மாறும். கணிப்பொறியிலும் இப்படியோர் ஏற்பாடு உண்டு. அதன் பெயர் ‘சூழல் மாறி’.

ஒரு பெயர், அதற்கொரு மதிப்பு. மென்பொருள் கிளம்பும்போது அதன் கையில் கொடுத்தனுப்பும் சீட்டு என்று வைத்துக்கொள்ளுங்களேன். 1979-இல் வெளிவந்த யூனிக்ஸ் ஏழாம் பதிப்பில் இம்முறை வந்தது. கேரளப் பள்ளிகளில் நம் பிள்ளைகள் பழகும் லினக்ஸிலும் இது இருக்கிறது. அங்கே ‘லாங்’ என்ற மாறியில் ‘டிஏ_ஐஎன்’ என்று தொடங்கும் மதிப்பைக் கொடுத்தால், தமிழாக்கம் நிறுவப்பட்டுள்ள மென்பொருள்கள் தமிழ் பேசும். ‘எம்எல்_ஐஎன்’ என்றால் மலையாளம். ‘டிஏ_எல்கே’ என்றால் இலங்கைத் தமிழ் வழக்கு. நிரலில் ஓர் எழுத்தைக்கூடத் தொட வேண்டாம்.

மொழிக்கு மட்டுமல்ல, ரகசியத்துக்கும் இதுவே வழி. இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். ஒரு சிறிய கணக்கு மென்பொருளில் தரவுத்தளத்தின் கடவுச்சொல்லை நிரலுக்குள்ளேயே எழுதி, பலர் பார்க்கும் களஞ்சியத்தில் ஏற்றிவிட்டேன். பதறிப்போய் அந்த வரியை அழித்தேன். “அழிச்சா மட்டும் போதாதுங்க, பழைய பதிப்பிலே அப்படியே இருக்கும்” என்றார் உடன் வேலை பார்த்தவர். கடவுச்சொல்லையே மாற்ற வேண்டியதாயிற்று.

இப்போது நான் செய்வது இதுதான். இடத்துக்கு இடம் மாறுகிற முகவரி, கடவுச்சொல் போன்றவற்றை ‘டாட் என்வ்’ என்னும் தனிக் கோப்பில் வைக்கிறேன். அது களஞ்சியத்துக்குப் போகாதபடி ‘கிட் இக்னோர்’ பட்டியலில் சேர்த்துவிடுகிறேன். புதிதாக வருபவருக்காகப் பெயர்கள் மட்டும் கொண்ட, மதிப்புகள் இல்லாத மாதிரிக் கோப்பு ஒன்றைப் பொதுவில் வைக்கிறேன். 2011-இல் ஹெரோகு பொறியாளர்கள் வகுத்த ‘பன்னிரண்டு கூறுகள்’ நெறியில் மூன்றாவது கூறு இதைத்தான் சொல்கிறது. அதிலுள்ள சோதனை எளிது: நிரலை இந்த நிமிடமே ஊரறியத் திறந்து வைத்தாலும் ரகசியம் வெளிப்படக் கூடாது.

இன்னொன்றும் உண்டு. முனையத்தில் ‘எக்ஸ்போர்ட்’ கட்டளையால் வைத்த மாறி, அங்கிருந்து பிறக்கும் மென்பொருள்களுக்கெல்லாம் போய்ச் சேரும். பிள்ளை அதை மாற்றிக்கொண்டாலும் தாயிடம் இருப்பது மாறாது. முனையத்தை மூடினால் போய்விடும். நிலைக்க வேண்டுமானால் தொடக்கக் கோப்பில் எழுத வேண்டும். நம் வீட்டுப் பிள்ளைகள் வெளியே எந்த மொழி பேசினாலும் வீட்டில் தமிழ் பேசுவதும், நாம் அதைத் தொடக்கத்திலேயே எழுதி வைத்ததால்தானே!