தெருவில் நெல் இல்லை, பத்தாயத்தில் இருக்கிறது

சிங்கப்பூரில் வசிக்கும் வாசகர் ஒருவர் படத்தோடு எழுதியிருக்கிறார். வரவேற்பறையில் கடல்நீர்த் தொட்டி, அதில் பவளங்கள், இரண்டு கோமாளி மீன்கள். மணல்மேல் ரத்தச் சிவப்பில் ஓர் ஏடு. விரலால் தள்ளினால் பாலாடை மாதிரி பெயர்ந்து வருகிறது. மறுநாளே திரும்பவும் படர்ந்துவிடுகிறது. பகலில் அதன்மேல் முத்து முத்தாகக் குமிழி. “டெஸ்ட் கிட்டில் நைட்ரேட் பூஜ்ஜியம், பாஸ்பேட்டும் பூஜ்ஜியம். பின்னே இது எதைத் தின்று வளர்கிறது?” மூன்று விதமான பாட்டில் மருந்து ஊற்றிப் பார்த்துவிட்டாராம்.

(அதே மாதிரி தொட்டி வைக்க ஆசைப்படும் நம்மூர்க்காரர்கள் கவனிக்க: இந்தியாவில் கடினப் பவளங்கள் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் காவலில் உள்ளவை.)

கிட் பொய் சொல்லவில்லை. அது விசாரித்த இடம்தான் தப்பு.

தொட்டி வளர்ப்பவர்கள் இந்தச் சிவப்பு ஏட்டைச் ‘சயனோ’ என்பார்கள். பழைய பாடப்புத்தகத்தில் நீலப்பச்சைப் பாசி. வாசகர் வீட்டில் இருப்பது நீலமுமில்லை, பச்சையுமில்லை, பாசியே இல்லை. பைக்கோஎரித்ரின் என்ற சிவப்பு நிறமி நிறைந்த பாக்டீரியா இழைகள், தாங்களே கசியவிட்ட கோந்தில் ஒட்டிப் பின்னிய பாய் அது. குமிழிகள் ஆக்சிஜன். பூமியின் காற்றுக்கு ஆக்சிஜன் தந்தவர்கள் இவர்களின் முன்னோர்கள் என்ற பெருமையை எல்லாரும் எழுதியாகிவிட்டது. எனக்குப் பிடித்தது இவர்களின் சேமிப்புப் பழக்கம்.

பாஸ்பேட் கிடைக்கும் நாளில் சயனோ தன் தேவைக்கு மேல் வாரிக்கொள்கிறது. வாரியதைச் சும்மா போட்டுவைப்பதில்லை. துணுக்குகளை ஒன்றோடொன்று கோத்து, பாலிபாஸ்பேட் என்ற நீளச் சரமாக்கி, செல்லுக்குள் மணிகளாகச் சுருட்டிவைக்கிறது. ஏன் சரம்? ஆயிரம் பாஸ்பேட் தனித்தனியாகக் கரைந்து கிடந்தால் செல்லுக்குள் ஊடுபரவல் அழுத்தம் ஏறும். தண்ணீர் உள்ளே நெருக்கியடித்துக்கொண்டு வரும். ஆயிரத்தையும் கோத்துவிட்டால் கணக்குக்கு அது ஒரே மூலக்கூறு. சரக்கு அதேதான், அழுத்தம் மட்டும் காணாமல் போகிறது. நைட்ரஜனுக்கும் பெரும்பாலான சயனோக்களிடம் தனிச் சரம் உண்டு: சயனோஃபைசின். ஆஸ்பார்டிக் அமிலமும் ஆர்ஜினினும் சேர்ந்த கண்ணிகள். ஒரு கண்ணிக்கு ஐந்து நைட்ரஜன் அணுக்கள்.

பழைய கிராமத்து வீட்டுப் பத்தாயத்தை நினைத்துக்கொள்ளுங்கள். பாலிபாஸ்பேட்தான் நெல். சயனோஃபைசின், பக்கத்துக் குதிரில் துவரம்பருப்பு. மாவுச்சத்தாகச் சேரும் கிளைக்கோஜனை வெல்லப்பானை என்று வைத்துக்கொள்வோம். டெஸ்ட் கிட் என்பவர் தெருவில் சிந்திக்கிடக்கும் நெல்லை எண்ண வந்த அதிகாரி. தெரு சுத்தமாக இருக்கிறது, ஆகவே ஊரில் பஞ்சம் என்று எழுதிக்கொண்டு போய்விடுகிறார். அதற்குள் வீட்டில் பாகப்பிரிவினை. செல் இரண்டாகும்போது பத்தாயத்து நெல்லும் இரண்டு மகள்களுக்குப் பாதிப் பாதி. நிறைந்த பத்தாயம் இப்படி இரண்டு முதல் நான்கு பிரிவினை வரை தாங்கும் என்பது ஏரிகளில் வாழும் சயனோக்களை வைத்துப் போட்ட கணக்கு. வெளியிலிருந்து ஒரு மணி வராமலே கூட்டம் 4 முதல் 16 மடங்கு பெருகலாம். பத்தாயம் என்றால் எலி வேண்டுமே? இருக்கிறது: சயனோஃபேஜ் என்ற வைரஸ். ஆனால் அது நெல்லைத் தின்னாது, வீட்டை இடித்து எல்லாவற்றையும் தெருவில் கொட்டிவிட்டுப் போகும். அந்த மாதிரி எலியை எந்த ஊரிலும் பார்த்ததில்லை என்பதால் எலி உவமையை இங்கேயே நிறுத்திக்கொள்கிறேன்.

வரலாறு கேட்பவர்களுக்கு: சயனோஃபைசின் மணிகளை 1887இல் இத்தாலியத் தாவரவியலாளர் போர்சி பார்த்துச் சொன்னார். 1973இல் கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் 226 என்ற எண் கொண்ட ஏரியைத் திரைபோட்டு இரண்டாகப் பிரித்து, இரு பக்கமும் கார்பனும் நைட்ரஜனும் கொடுத்து, ஒரு பக்கத்துக்கு மட்டும் பாஸ்பரஸும் சேர்த்தார்கள். பாஸ்பரஸ் போன பக்கம் பச்சைக் குழம்பானது. பாஸ்பேட்டின் கெட்ட பெயர் ஊர்ஜிதமானது.

இனி பாட்டில்கள். சிவப்பு ஏட்டை இரண்டு நாளில் மறையவைக்கும் பொடிகளும் திரவங்களும் கடையில் கிடைக்கின்றன. மறையவும் செய்யும். தொட்டிக்காரர்கள் வெகுகாலமாகக் கையாளும் எரித்ரோமைசின் ஓர் ஆன்டிபயாடிக். சயனோ பாக்டீரியா என்பதால் அதன் ரைபோசோமைப் பிடித்துப் புரத உற்பத்தியை நிறுத்துகிறது. இதில் ஒரு வேடிக்கை: சயனோஃபைசின் செய்ய ரைபோசோமே வேண்டாம், தனி நொதி ஒன்று போதும். புரத உற்பத்தியைத் தடுக்கும் குளோராம்பெனிகாலைக் கொடுத்த சோதனையில் சயனோஃபைசின் கூடியதுதான் மிச்சம். மருந்தில் செல் செத்தாலும் நெல்லும் பருப்பும் எங்கே போகும்? தொட்டிக்குள்தான். அழுகும் ஏடு ஆக்சிஜனையும் குடித்துவிடுவதால் மீன் மேலே வந்து மூச்சு வாங்கும். மூன்று நாள் இருட்டடிப்பு செய்தாலும் இதே கதைதான், செத்ததை வெளியே எடுக்காவிட்டால்.

நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் 16:1 இருந்தால் சயனோ வராது என்று இன்னொரு நம்பிக்கை. அது ரெட்ஃபீல்ட் என்ற கடலியலாளர் திறந்த கடலின் மிதவையுயிர்களில் கண்ட சராசரி. ஊரார் சராசரி உயரத்துக்கு உங்கள் பிள்ளைக்குச் சட்டை தைப்பீர்களா? நைட்ரேட்டை அறவே துடைத்துவிட்டால், காற்றின் நைட்ரஜனையே பிடிக்கத் தெரிந்த சயனோ இனங்களுக்குத்தான் கொண்டாட்டம். சயனோவுக்குப் போட்டியாக வரும் வேறு பாக்டீரியாக்களுக்குத் தீனியாகத் தொட்டியில் வோட்கா ஊற்றுகிறவர்களும் உண்டு. கேலி இல்லை, அளந்து ஊற்றுகிறார்கள். சில தொட்டிகளில் வேலையும் செய்கிறது. சிலவற்றில் சயனோதான் தழைக்கிறது.

ஆக, வாசகருக்கு என் பதில் சுவாரசியமில்லாதது. பத்தாயத்தோடு தூக்கி வெளியே போடுங்கள். மெல்லிய குழாய் வைத்து, ஏடு தடித்திருக்கும் மாலையில், விளக்கு அணைவதற்கு முன் உறிஞ்சி எடுங்கள். ஒருநாள் அல்ல, வாரக்கணக்கில். கிளறிவிட்டுப் போகாதீர்கள், ஒவ்வொரு துண்டு இழையும் புதுக் குடித்தனம். கழிவு படியும் மூலைக்குப் பம்பைத் திருப்புங்கள். உறைந்த தீனியின் கட்டி கரைந்த தண்ணீரைத் தொட்டியில் ஊற்றாமல் வடித்துவிடுங்கள். ஆவியானதை ஈடுகட்ட ஊற்றும் நீர் குழாய்த் தண்ணீராக இருக்கக் கூடாது. இரவில் ஏட்டுக்கு அடியில் ஆக்சிஜன் தீர்ந்து, மணலில் ஒட்டிய பாஸ்பேட்டும் கழன்று வருவதுண்டு. அதனால் மேல்மணலையும் கொஞ்சம் சேர்த்தே எடுங்கள்.

இதை எழுதி அனுப்பியதும் பதில் வந்தது. உறிஞ்சி எடுத்ததில் அவ்வளவு நைட்ரஜனும் பாஸ்பேட்டும் இருக்கிறதென்றால், பால்கனியில் இருக்கும் கறிவேப்பிலைச் செடிக்கு ஊற்றலாமா என்று கேட்கிறார்.

சார், அது கடல் தண்ணீர்.