புரட்டாசிக்குப் பிறகும் சைவம்தானா? முதலில் பி12 கணக்கைப் பாருங்கள்

புரட்டாசி பிறக்க இன்னும் சில நாட்களே இருக்கின்றன. வழக்கமாக இந்த நேரத்தில் விரதச் சமையல் பற்றித்தான் வாசகர் கடிதங்கள் வரும். இந்த ஆண்டு வேறொரு கேள்வி அதிகமாக வந்திருக்கிறது. “புரட்டாசி முடிந்ததும் கறிக்கடைக்குத் திரும்பாமல் அப்படியே சைவமாகிவிடலாம் என்றிருக்கிறோம். சத்துக்கு என்ன செய்வது?” பெரும்பாலானோர் புரதத்தை நினைத்துக் கவலைப்படுகிறார்கள். பி12 பற்றிக் கேட்டவர்கள் சிலர்தான். அவர்களும் ஆளுக்கொரு பதிலைக் கேள்விப்பட்டிருக்கிறார்கள். ரேஷன் அரிசியிலேயே இருக்கிறது என்கிறார் ஒருவர். பழைய சோறு போதும் என்கிறார் இன்னொருவர். பாலும் தயிரும் இருக்கும்போது என்ன பயம் என்பது மூன்றாவது கடிதம். நம் குடலே அதைச் செய்துகொள்ளும் என்பது நான்காவது. இவற்றில் சிலவற்றில் கொஞ்சம் உண்மை கலந்திருப்பதால்தான் குழப்பம் தீராமல் இருக்கிறது.

பருப்பு, பயறு, சுண்டல், கீரை, தயிர் என்ற பட்டியலை இங்கே மறுபடி எழுதப்போவதில்லை. அது எல்லா வீட்டிலும் தெரிந்ததுதான். புரதத்துக்கு ஒரு கணக்கு போதும். ஐ.சி.எம்.ஆர். 2020இல் வெளியிட்ட பரிந்துரைப்படி உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம், அதாவது 60 கிலோ எடையுள்ளவருக்கு நாளொன்றுக்குச் சுமார் 50 கிராம் தேவை. சோற்றைக் குறைத்து, கெட்டிப் பருப்பையும் சுண்டலையும் தயிரையும் கூட்டினால் இந்த அளவை எட்டிவிடலாம். தண்ணீராக ஓடும் சாம்பாரை மட்டும் நம்பினால் எட்டாது.

புதிதாகச் சைவத்துக்கு மாறுகிறவர்கள் கவனிக்க வேண்டியது பி12. காரணம், அது குறைவது பல ஆண்டுகளுக்கு வெளியே தெரியாது.

இந்த வைட்டமினை எந்தச் செடியும் தயாரிப்பதில்லை, செடிகளுக்கு அது தேவையும் இல்லை. ஆடு மாடுகளின் உடலும் தானாகச் செய்வதில்லை. உலகத்தில் உள்ள பி12 முழுவதையும் பாக்டீரியா போன்ற நுண்ணுயிர்கள்தான் தயாரிக்கின்றன. மாட்டின் முதல் இரைப்பையில் கோடிக்கணக்கான பாக்டீரியாக்கள் வாழ்கின்றன. புல்லோடு வரும் கோபால்ட் தாதுவை வைத்து அவை பி12 செய்கின்றன. இரைப்பைக்கு அடுத்து இருப்பது சிறுகுடல் என்பதால், தயாரானது அங்கே போய் ரத்தத்தில் சேர்கிறது. பிறகு பாலுக்கும் இறைச்சிக்கும் போகிறது. நமக்கும் அப்படிப்பட்ட பாக்டீரியாக்கள் உண்டு. ஆனால் அவை பெரும்பாலும் பெருங்குடலில் இருக்கின்றன. பி12ஐ உறிஞ்சும் இடமோ சிறுகுடலின் கடைசிப் பகுதி. உறிஞ்சும் இடத்தைத் தாண்டிய பிறகுதான் உற்பத்தி நடக்கிறது என்பதால், அது அப்படியே கழிவோடு வெளியேறிவிடுகிறது. முயலுக்கும் இதே சிக்கல்தான். அது தன் மென்மையான புழுக்கையைத் திரும்பத் தின்று சரிசெய்துகொள்கிறது. நமக்கு அந்த வழி கிடையாது.

உணவில் வரும் பி12 உடம்பில் ஏறுவதும் சுலபமில்லை. வயிற்று அமிலம் அதை உணவுப் புரதத்திலிருந்து பிரித்தெடுக்க வேண்டும். வயிறு சுரக்கும் ‘உள்ளார்ந்த காரணி’ என்ற புரதம் அதைப் பிடித்துக்கொள்ள வேண்டும். இரண்டும் சேர்ந்து சிறுகுடலின் கடைசிவரை போனால்தான் உள்ளே நுழைய அனுமதி. அந்த வழியும் ஒரு வேளைக்கு ஒன்றரை முதல் இரண்டு மைக்ரோகிராமோடு நிரம்பிவிடும். அதற்கு மேல் எவ்வளவு சாப்பிட்டாலும், மிச்சத்தில் சுமார் நூற்றில் ஒரு பங்குதான் தானாகக் கசிந்து ஏறும்.

இவ்வளவு கஷ்டப்பட்டுச் சேர்வதாலோ என்னவோ, உடம்பு அதைச் சுலபத்தில் விடுவதில்லை. நாள் தேவை 2.2 மைக்ரோகிராம். இறைச்சி சாப்பிட்டுவந்த ஒருவரின் உடம்பில் இருக்கும் சேமிப்பு 2 முதல் 5 மில்லிகிராம், அதாவது ஏறத்தாழ ஆயிரம் முதல் இரண்டாயிரம் நாட்களின் தேவை. அதில் பெரும்பகுதி கல்லீரலில் இருக்கிறது. கல்லீரல் பித்தநீரோடு கொஞ்சம் பி12ஐக் குடலுக்கு அனுப்ப, சிறுகுடலின் கடைசிப் பகுதி அதில் பெரும்பகுதியை மீட்டுத் திருப்பி அனுப்புகிறது. வரவு நின்றுபோன வீட்டில் குதிர் நெல்லை அளந்தளந்து எடுத்துச் சாப்பிடுவதைப் போல, உடம்பு ஆண்டுக்கணக்கில் ஓட்டிவிடும்.

எனக்குக் கவலை தருவது இதுதான். சைவத்துக்கு மாறி ஓராண்டு ஆனவர் “எனக்கு ஒரு குறையும் இல்லை, உடம்பு லேசாக இருக்கிறது” என்பார். உண்மைதான். ஆனால் அந்த நலத்துக்கு அவர் இப்போது சாப்பிடும் உணவு மட்டும் காரணமில்லை. முன்பு சாப்பிட்ட மீனும் கறியும் சேர்த்துவைத்த இருப்பும் அதில் இருக்கிறது. மூன்று, நான்கு ஆண்டுகள் கழித்துப் பாதம் மரத்துப்போகும்போது, அதற்கும் உணவு மாற்றத்துக்கும் தொடர்பு உண்டு என்று யாருக்கும் தோன்றாது. பிறந்ததிலிருந்தே சைவமாக இருப்பவர்களுக்கு இந்தச் சேமிப்பு ஆரம்பத்திலேயே குறைவாக இருக்கலாம்.

இதற்கு மேல் இன்னொரு திரையும் விழுகிறது. பி12 குறைந்தால் சிவப்பணுக்கள் பெருத்து ரத்தசோகை வரும். மருத்துவருக்குக் கிடைக்கும் முதல் தடயம் அதுதான். ஆனால் ஃபோலேட் அதிகமாகக் கிடைக்கும்போது இந்த ரத்தசோகை வெளிப்படாமல் போகலாம். கீரையும் பருப்பும் நிறைந்த சைவச் சாப்பாட்டில் ஃபோலேட்டுக்குக் குறைவில்லை. ரத்தம் ஓரளவு சரியாக இருக்க, நரம்பின் மேலுறை மட்டும் உள்ளே சிதைந்துகொண்டிருக்கும். நம் பெண்கள் பலருக்கு இரும்புச்சத்தும் குறைவு. இரும்புக் குறைவு அணுக்களைச் சிறிதாக்கும், பி12 குறைவு பெரிதாக்கும். இரண்டும் சேர்ந்தால், சராசரி அளவு ‘நார்மல்’ என்று அறிக்கையில் வந்துவிடும்.

அரசின் ரத்தசோகைத் திட்டங்கள் முதலில் பார்ப்பது ஹீமோகுளோபின் எண்ணைத்தான். கர்ப்பிணிகளுக்கு அரசு தரும் மாத்திரையில் இரும்பும் ஃபோலிக் அமிலமும் இருக்கின்றன, பி12 இல்லை. அந்த மாத்திரை அவசியம். அதை நிறுத்தக் கூடாது. ஆனால் சைவ உணவு உண்ணும் கர்ப்பிணிக்கு அது மட்டும் போதாது. தாய்க்குக் குறைவாக இருந்தால் தாய்ப்பாலிலும் குறையும், குழந்தையின் மூளை வளர்ச்சியே பாதிக்கப்படலாம்.

இனி அந்த நான்கு பதில்களுக்கு வருவோம்.

ரேஷன் அரிசி. சாதாரண அரிசியோடு செறிவூட்டிய மணிகளை நூற்றுக்கு ஒன்று என்ற கணக்கில் கலந்து தருவதற்காகத் தொடங்கப்பட்ட திட்டம் இது. அத்தகைய அரிசியை முறத்தில் பரப்பிப் பார்த்தால், சற்று மஞ்சள் படிந்த சில மணிகள் தனியாகத் தெரியும். அரிசி மாவோடு இரும்பு, ஃபோலிக் அமிலம், பி12 மூன்றையும் பிசைந்து, அரிசி வடிவிலேயே இயந்திரத்தில் பிழிந்தெடுத்தவை அவை. களையும்போது சில மேலே மிதக்கும். ‘பிளாஸ்டிக் அரிசி’ என்று பயந்து பொறுக்கி எறிகிறார்கள். அது பிளாஸ்டிக் இல்லை, பயப்பட வேண்டாம். 2021 சுதந்திர தின உரையில் பிரதமர் அறிவித்த இத்திட்டத்தின் அரிசி ‘செறிவூட்டப்பட்டது’ என்று சொல்லப்படுகிறது. எவ்வளவு? இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர ஆணையத்தின் விதிப்படி, ஒரு கிலோ அரிசியில் இருக்க வேண்டிய பி12 அளவு 0.75 முதல் 1.25 மைக்ரோகிராம். ஒருவர் நாளுக்கு 300 கிராம் அரிசி சாப்பிட்டால் கிடைப்பது 0.2 முதல் 0.4 மைக்ரோகிராமுக்குள். தேவையோ 2.2. கஞ்சியை வடித்தால் அதிலும் கொஞ்சம் போய்விடும். விதிப்படி அது செறிவூட்டிய அரிசிதான், ஆனால் உங்களுக்குப் போதுமான அரிசி என்று அதற்குப் பொருளில்லை. பாக்கெட்டில் உள்ள பச்சைப் புள்ளியும் அப்படித்தான். உள்ளே இறைச்சியோ முட்டையோ இல்லை என்று மட்டும் அது சொல்கிறது, சத்தைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை. ‘+எஃப்’ முத்திரை போட்ட பாலில் கூடுதலாகச் சேர்ப்பது வைட்டமின் ஏ, டி மட்டுமே.

பழைய சோறு. வயிற்றுக்கு நல்ல உணவு, தாராளமாகச் சாப்பிடுங்கள். ஆனால் சோற்றைப் புளிக்கவைக்கும் லாக்டிக் அமில பாக்டீரியாக்களில் பெரும்பாலானவை பி12 செய்வதில்லை. இட்லி மாவுக்கும் இதே பதில்தான்.

பாலும் தயிரும். நான்கில் கனமான பதில் இதுதான். 100 மில்லி பாலில் சுமார் 0.4 மைக்ரோகிராம் இருக்கிறது, அது நன்றாகவே உடம்பில் ஏறும். நாளுக்கு அரை லிட்டர் பாலோ அதற்கு ஈடான தயிரோ சாப்பிடுகிறவர் தேவையை ஏறத்தாழத் தொட்டுவிடுவார். ஆனால் நம் வீடுகளில் ‘பால் சாப்பிடுகிறோம்’ என்றால் பெரும்பாலும் இரண்டு வேளைக் காபியும் சோற்றில் ஒரு கரண்டி தயிரும்தான். அதில் வருவது தேவையில் பாதிகூட இல்லை. நீண்ட நேரம் கொதிக்கவைத்தால் அதிலும் குறையும்.

நம் குடலே செய்துகொள்ளும். இதற்கு வேலூரில் ஒரு வேர் இருக்கிறது. அங்குள்ள சி.எம்.சி. ஆய்வாளர்கள் ஆல்பர்ட், மாதன், பேக்கர் மூவரும் 1980இல் ‘நேச்சர்’ இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். மனிதச் சிறுகுடலில் வாழும் சில பாக்டீரியாக்களாலும் பி12 செய்ய முடியும் என்று அது காட்டியது. அருமையான கண்டுபிடிப்பு. ஆனால் செய்ய முடியும் என்பதால் போதுமான அளவு கிடைக்கும் என்று ஆகிவிடாது. அந்தக் குடலோடுதான் நம் ஊரில் சைவம் சாப்பிடுபவர்கள் பலருக்கு இன்றும் பி12 குறைவாக இருக்கிறது.

ஆக, செய்ய வேண்டியது என்ன? மாத்திரை. இங்கிலாந்தின் வீகன் சொசைட்டி 1944இல் தொடங்கியபோது பி12 என்ற பொருளே பிரித்தெடுக்கப்படவில்லை, அது நடந்தது 1948இல். இன்று அதே சங்கம், விலங்குப் பொருள் எதையும் தொடாதவர்களுக்கு நாளுக்கு 10 மைக்ரோகிராம் அல்லது வாரம் ஒருமுறை 2,000 மைக்ரோகிராம் என்று பரிந்துரைக்கிறது. எண் பெரிதாக இருக்கிறதே என்று பயப்பட வேண்டாம். மேலே சொன்ன நூற்றில் ஒரு பங்குக் கணக்குதான் இது, மிச்சம் வெளியேறிவிடும். பாலும் தயிரும் குறைவாகச் சேர்ப்பவர்களும் இதே வழியைப் பின்பற்றலாம். மருந்துக்கடையில் வாங்கும்போது பட்டையைத் திருப்பிப் பாருங்கள். சயனோகோபாலமின் அல்லது மீத்தைல்கோபாலமின் என்ற பெயருக்கு எதிரே எத்தனை ‘எம்.சி.ஜி.’ என்று போட்டிருக்கும். எல்லா பி காம்ப்ளெக்ஸ் மாத்திரையிலும் ஒரே அளவு இருக்காது. சைவத்துக்கு மாறிய முதல் மாதத்திலேயே தொடங்குவது நல்லது. சேமிப்பு கரையும்வரை காத்திருக்கத் தேவையில்லை.

மீதிக் கேள்விகளுக்குச் சுருக்கமாக:

புரட்டாசி ஒரு மாதம் மட்டும்தான் என்றால்? பி12க்காக எதுவும் செய்ய வேண்டாம்.

ஸ்பைருலினா? அதில் இருப்பது பெரும்பாலும் உடம்புக்குப் பயன்படாத போலி பி12.

முட்டை மட்டும் சேர்த்தால்? ஒரு முட்டையில் அரை மைக்ரோகிராம் அளவுக்கு இருக்கும், அதிலும் ஏறுவது குறைவு.

கீரையில் இரும்பு இருக்கிறதே? கூடவே எலுமிச்சையோ நெல்லிக்காயோ வேண்டும். காபி, டீயை ஒரு மணி நேரம் தள்ளி வையுங்கள்.

கால்சியம்? கேழ்வரகு, எள், தயிர்.

மீன் தரும் ஒமேகா-3? ஆளி விதையும் வால்நட்டும் ஓரளவுக்கு ஈடுகட்டும்.

உப்பு? அயோடின் சேர்த்ததா என்று பாக்கெட்டைப் பாருங்கள், இந்துப்பில் அது இருக்காது.

புரோட்டீன் பவுடர்? ஒழுங்காகச் சாப்பிடுகிறவருக்குத் தேவையில்லை.

ஊசியா, மாத்திரையா? மரத்துப்போதல், தள்ளாட்டம், நாக்கு எரிச்சல் இருந்தால் அதை மருத்துவர் முடிவு செய்யட்டும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். சர்க்கரை நோய்க்கு மெட்ஃபார்மின் சாப்பிடுகிறவர்கள், நெஞ்செரிச்சலுக்கு ஆண்டுக்கணக்கில் பான்டோபிரசோல் போடுகிறவர்கள், வயிற்று அமிலம் குறைந்துபோன முதியவர்கள் ஆகியோருக்கு இறைச்சி சாப்பிட்டாலே பி12 ஏறுவது குறைவு. இவர்கள் சைவத்துக்கு மாறும் முன் ரத்தத்தில் பி12 அளவைப் பார்த்துவிட வேண்டும். அறிக்கையில் அளவு கீழ் எல்லையை ஒட்டி இருந்தால், ‘நார்மல்’ என்ற சொல்லோடு நிறுத்திவிடாதீர்கள். ஹோமோசிஸ்டீன் பரிசோதனையும் வேண்டுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். கால் மரத்துப்போவதெல்லாம் சர்க்கரையால்தான் என்று நீங்களாக முடிவுகட்டிக்கொள்ளாதீர்கள். பி12 குறைவால் வந்த மரப்பு என்றால், சீக்கிரம் கண்டுபிடித்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். தாமதித்தால் முழுதாகத் திரும்பாமலும் போகலாம்.