அளவு நாடாவுடன் ஒரு விண்ணப்பம்

ஓய்வூதியம் பெறும் நம் வாடிக்கையாளர்கள் ஆண்டுதோறும் நவம்பர் மாதத்தில் வாழ்நாள் சான்றிதழ் அளிப்பதற்காகக் கிளைக்கு வருகின்றனர். வீட்டுக்கும் கிளைக்கும் இடையே அரைக் கிலோமீட்டர்தான் இருக்கும். ஆயினும் நடுவில் குறுக்கிடும் ஒரு சாலைக்காகவே பலர் மகனையோ பேத்தியையோ துணைக்கு அழைத்துவர நேர்கிறது. இந்த அச்சம் வீணானதன்று. 2022ஆம் ஆண்டில் நாட்டின் சாலை விபத்துகளில் உயிரிழந்தோர் 1,68,491 பேர். அவர்களுள் 32,825 பேர் நடந்து சென்றவர்கள்.

குடியிருப்புப் பகுதியில் விபத்து ஒன்று நிகழ்ந்துவிட்டால், மக்கள் திரண்டு முதலில் கேட்பது வேகத்தடை. சில நாள்களில் தாரையோ சிமென்டையோ குவித்து ஒரு மேடும் எழுப்பப்பட்டுவிடும். அதற்கு வண்ணப்பூச்சும் இராது, எச்சரிக்கைப் பலகையும் இராது. இரவில் இருசக்கர வாகனத்தில் வருபவர் அதில் தடுமாறி விழுவார். இந்தியச் சாலைக் காங்கிரஸ் வகுத்துள்ள நெறிப்படி வேகத்தடை 3.7 மீட்டர் அகலமும் 10 சென்டிமீட்டர் உயரமும் கொண்டு, வளைவாகச் சரிய வேண்டும். சுமார் 25 கிலோமீட்டர் வேகத்தில் அதன்மீது குலுங்காமல் ஏறி இறங்கலாம். நம் தெருக்களில் காணும் கூர்மையான மேடுகளுள் பெரும்பாலானவை இந்தக் கணக்கில் சேரா.

ஆகவே, உரக்கக் கேட்பதைவிட அளந்து கேட்பது பயன் தரும் என்பது நம் கருத்து. அதற்கு ஏற்ற வாயில் ஒன்று புனே நகரில் இருக்கிறது. 2006ஆம் ஆண்டு முதல் புனே மாநகராட்சி, மக்கள் பங்கேற்பு வரவு செலவுத் திட்டம் என்னும் முறையைக் கையாண்டு வருகிறது. தம் பகுதிக்குத் தேவையான சிறு பணிகளைக் குடிமக்களே படிவத்தில் எழுதி வார்டு அலுவலகத்தில் அளிக்கலாம். ஒரு பணிக்கு 5 லட்சம் ரூபாய் வரை என்பது வரம்பு. மேம்பாலம் கட்ட இத்தொகை போதாது. ஆனால் உடைந்த நடைபாதையைச் சீராக்கவும், இருண்ட திருப்பத்தில் விளக்கு அமைக்கவும், நடைபாதை விளிம்பில் சரிவு கட்டவும் போதும். உயிர்கள் பெரும்பாலும் இத்தகைய சிறு இடங்களைச் சார்ந்தே இருக்கின்றன.

படிவத்தில் என்ன எழுதுவது? 'நடைபாதை மோசம், ஆவன செய்க' என்று எழுதினால் அது கோப்பில் உறங்கும். நடைபாதையில் தடையின்றி நடப்பதற்குக் குறைந்தது 1.8 மீட்டர் அகலம் வேண்டும். எதிரெதிரே வரும் சக்கர நாற்காலிகள் இரண்டு ஒன்றையொன்று கடப்பதற்குத் தேவையான இடம் அது. சாலையிலிருந்து நடைபாதையின் உயரம் 15 சென்டிமீட்டரைத் தாண்டலாகாது. மழைநீர் வடிகாலுக்கு மேலே நடைபாதை அமைந்த இடங்களில் இந்த உயரம் முழங்காலைத் தொடுவதும் உண்டு. முதியவர்கள் சாலையில் இறங்கி நடப்பது ஏன் என்பதற்கு இதுவே விடை. நாடாவைப் பிடித்து அளந்து, எந்த வீட்டு எண்ணிலிருந்து எந்த வீட்டு எண் வரை என்று குறிப்பிட்டு எழுதினால், பொறியாளர் அதை அலட்சியம் செய்வது கடினம்.

சாலையைக் கடக்கும் நேரத்தையும் அளக்கலாம். நடப்பவர் நொடிக்கு 1.2 மீட்டர் செல்வார் என்பது திட்டமிடுவோர் கொள்ளும் கணக்கு. 14 மீட்டர் அகலச் சாலைக்கு 12 நொடிகள் ஆகின்றன. கைத்தடி ஊன்றி நொடிக்கு 0.8 மீட்டர் நடக்கும் பெரியவருக்கோ 17 நொடிகளுக்கு மேல் வேண்டும். பச்சை விளக்கு 12 நொடிகளில் அணைந்தால் அவர் நிற்பது சாலையின் நடுவில். இதைக் கண்டறியக் கைக்கடிகாரம் ஒன்றே போதும்.

சட்டமும் இப்போது மக்கள் பக்கம் நிற்கிறது. சாலை வடிவமைப்பிலும் பராமரிப்பிலும் தரநெறி மீறப்பட்டு, அதனால் உயிரிழப்போ ஊனமோ நேர்ந்தால், பொறுப்பான அமைப்புக்கோ ஒப்பந்தக்காரருக்கோ 1 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க, 2019ஆம் ஆண்டின் மோட்டார் வாகனத் திருத்தச் சட்டம் வழிசெய்தது. தடையற்ற நடைபாதை என்பது வாழ்வுரிமையின் பகுதி என்று உச்ச நீதிமன்றம் 2025 மே மாதத்தில் கூறியது. அந்த வழக்கை 2012இல் தொடுத்தவர் கோவையைச் சேர்ந்த எலும்பு மருத்துவர் எஸ். இராஜசேகரன். முறிந்த எலும்புகளைச் சேர்ப்பவரே, அவை முறியும் இடத்தைக் குறித்தும் முறையிட்டிருக்கிறார்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். நடைபாதையை அடைத்து நிற்பவை தள்ளுவண்டிகள் மட்டுமல்ல. சாலையோர வணிகருக்கு 2014ஆம் ஆண்டின் சட்டப் பாதுகாப்பு உண்டு. அவருக்கு இடம் ஒதுக்கித் தரலாம். ஆனால் வீட்டு வாயிலிலிருந்து நடைபாதை வரை நீளும் சாய்தளமும், அதன்மேல் நிறுத்திய காரும் யாருடையவை? விண்ணப்பத்தில் கையெழுத்திடும் நம்முடையவையே. குடியிருப்போர் சங்கம் கூடும்போது மிகுந்த சூடு பறப்பதும் இந்த இடத்தில்தான். அதைப் பேசித் தீர்த்துவிட்டு மாநகராட்சிக்குச் செல்வது நலம். பார்வையிட வரும் பொறியாளரின் கண்ணில் முதலில் படுவது அந்தக் கார்தான்.

மாநகராட்சிக்கும் நிதியாண்டு ஏப்ரலில்தான் தொடங்குகிறது. ஆனால் மக்களின் படிவங்கள் அதற்குப் பல மாதங்கள் முன்பே பெறப்பட்டு முடிந்துவிடும். புனேவில் வாழும் வாடிக்கையாளர்கள் கடைசி நாளை வார்டு அலுவலகத்தில் கேட்டு வைத்துக்கொள்ளலாம். பிற நகரங்களில் உள்ளோர் இதே அளவுகளைத் தம் வார்டு உறுப்பினருக்கும் போக்குவரத்துக் காவல் நிலையத்துக்கும் எழுதி அனுப்பலாம். படங்களில் தேதி தெரியட்டும். மனுவின் நகலில் முத்திரையுடன் ஒப்புகை பெறாமல் திரும்ப வேண்டாம்.