மலைநாடும் பாராளுமன்றப் பெரும்பான்மையும்

பாராளுமன்றத்தில் ஒரு கட்சி பெறும் பெரும்பான்மையை மக்கள் மனத்தின் நேரடிப் பிரதிபலிப்பாகக் கொள்வது பொதுவழக்கு. ஆயின், அப்பெரும்பான்மை எப்பிரதேசத்தில், எவ்வர்க்கங்களின் அணிசேர்க்கையால், யாரை உள்ளடக்கி, யாரை விலக்கி உருவாயிற்று என்ற வினா அரிதாகவே எழுப்பப்படுகிறது. கண்டியையும் அதனைச் சூழ்ந்த மலைநாட்டையும் முன்வைத்து அவ்வினாவை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1947ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலில் 95 ஆசனங்களுள் ஐக்கிய தேசியக் கட்சி 42ஐயே பெற்றது. இடதுசாரிக் கட்சிகள் மூன்றும் 18 ஆசனங்களை வென்றன. இலங்கை இந்தியக் காங்கிரஸ் மலைநாட்டில் 7 ஆசனங்களைக் கைப்பற்றிற்று. நாவலப்பிட்டியில் கே. இராஜலிங்கமும் தலவாக்கலையில் கவிஞர் சி. வி. வேலுப்பிள்ளையும் அவ்வாறு தெரிவானவர்கள். வேறு பல தொகுதிகளிலும் தோட்டத் தொழிலாளரின் வாக்குகள் இடதுசாரி வேட்பாளருக்கு வலுவூட்டின. தோட்டத் தொழிலாளர் இயக்கமும் நகர்ப்புறத் தொழிலாளர் இயக்கமும் பாராளுமன்றத்தில் ஒன்றுசேரும் சாத்தியத்தை ஆளும் வர்க்கம் அத்தேர்தலிலேயே கண்டுகொண்டது.

இப்பின்னணியிலேயே 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டத்தையும், அதனைத் தொடர்ந்து 1949இல் வந்த சட்டங்களையும் நோக்குதல் வேண்டும். இவற்றால் தோட்டத் தொழிலாளரிற் பெரும்பான்மையோர் பிரசாவுரிமையையும் வாக்குரிமையையும் இழந்தனர். ஆனால் தொகுதிகள் அவ்வாறே இருந்தன. சோல்பரி அரசியலமைப்பின்படி 75,000 பேருக்கு ஓர் ஆசனம், 1,000 சதுர மைலுக்கு மேலும் ஓர் ஆசனம் என்ற அடிப்படையில் அவை வகுக்கப்பட்டிருந்தன. எண்ணப்பட்டவர்கள் வாக்காளர்கள் அல்லர். மொத்தக் குடிசனத் தொகையே கணக்கிற் கொள்ளப்பட்டது. எனவே தோட்டத் தொழிலாளர் தலைகளாக எண்ணப்பட்டனர், வாக்காளராக எண்ணப்படவில்லை. அவர்கள் பெயராற் கிடைத்த ஆசனங்களைத் தீர்மானிக்கும் ஆற்றல் எஞ்சிய வாக்காளரின், சிறப்பாகக் கண்டிச் சிங்களக் கிராமப்புறத்தின், கைக்கு மாறியது.

1952இல் இதன் விளைவு புலப்பட்டது. காங்கிரசுக்கு ஓர் ஆசனமும் கிட்டவில்லை. ஐக்கிய தேசியக் கட்சி 54 ஆசனங்களுடன் அறுதிப் பெரும்பான்மை பெற்றது. எனினும் வரலாற்றின் இயக்கம் அத்துடன் நின்றுவிடவில்லை. பெருந்தோட்ட முதலாளித்துவத்தால் நிலமிழந்து நலிந்த கண்டி விவசாயியின் சினம் ஒரு வடிகாலைத் தேடிக்கொண்டிருந்தது. மொழி, மதம் ஆகியவற்றின் பெயரால் அதனை அணிதிரட்டிய பண்டாரநாயக்க தலைமையிலான மக்கள் ஐக்கிய முன்னணி, 1956இல் 51 ஆசனங்களை வென்றது. ஐக்கிய தேசியக் கட்சி 8 ஆசனங்களாகச் சுருங்கியது. தான் மிகைப்படுத்திவைத்த வாக்குப் பலமே தனக்கெதிராகத் திரும்புவதை அக்கட்சி காண நேர்ந்தது. அதேவேளை, விவசாயியின் நியாயமான சினம் மூலதனத்தின்மீது பாயாது, தன்னைப் போலவே சுரண்டப்பட்ட தொழிலாளியிடமிருந்து அவனை மேலும் பிரித்தது என்பதும் மனங்கொள்ளத்தக்கது.

பிரதேச அணிமாற்றத்தைத் தேர்தல்முறை பன்மடங்கு பெருக்கிக் காட்டும். 1970இல் சுமார் 37 சதவீத வாக்குகள் பெற்ற ஸ்ரீ லங்கா சுதந்திரக் கட்சிக்கு 151இல் 91 ஆசனங்கள் கிடைத்தன. சுமார் 38 சதவீதம் பெற்ற ஐக்கிய தேசியக் கட்சிக்குக் கிடைத்தவையோ 17. 1977இல் சுமார் 51 சதவீத வாக்குகள் பின்னைய கட்சிக்கு 168இல் 140 ஆசனங்களை அளித்தன. 1972, 1978ஆம் ஆண்டுகளின் அரசியலமைப்புகள் இத்தகைய பெரும்பான்மைகளின் படைப்புகளேயாம். நுவரெலியா–மஸ்கெலியா மூன்றங்கத்தவர் தொகுதியில் சௌ. தொண்டமான் வென்றதும் அதே 1977இலேதான். ஒரு மக்கட்பிரிவு தான் தெரிந்த பிரதிநிதியை மீண்டும் சபைக்கு அனுப்ப முப்பது ஆண்டுகள் சென்றன.

1989 முதல் பொதுத்தேர்தல்கள் விகிதாசார முறையில் நடைபெற்றபோதும் அணிமாற்றத்தின் வேகம் குன்றவில்லை. 2020இல் கண்டி மாவட்டத்தின் 12 ஆசனங்களுள் 8ஐப் பொதுஜன பெரமுன பெற்றது. 2024இல் அதே மாவட்டத்தில் 9 ஆசனங்கள் தேசிய மக்கள் சக்தியைச் சேர்ந்தன. நுவரெலியாவிலும் 8இல் 5 அதற்கே கிடைத்தன. முன்னைய பாராளுமன்றத்தில் மூன்று உறுப்பினரையே கொண்டிருந்த அக்கட்சி 225இல் 159 ஆசனங்களைப் பெற்று மூன்றிலிரண்டைக் கடந்தது. 1952இலும் 1956இலும் ஆசனங்களுக்கான வெறும் எண்ணிக்கையாயிருந்த தோட்டத் தொழிலாளர் சமூகம், இம்முறை வாக்காளராக நின்று இம்மாற்றத்திற் பங்குகொண்டது. இஃது அடிப்படையான வேறுபாடாகும்.

ஆயினும் வாக்குரிமை மட்டும் விடுதலையாகாது. லயன் அறையிலிருந்து சொந்தக் காணிக்கும், நாட்கூலியிலிருந்து போதிய ஊதியத்துக்கும் இட்டுச்செல்லாத பெரும்பான்மை, எத்துணைப் பெரிதாயினும், பழைய எண்கணிதத்தின் தொடர்ச்சியாகவே எஞ்சும். கண்டி விவசாயியும் தோட்டத் தொழிலாளியும் பொதுவான கோரிக்கைகளின் அடிப்படையில் ஒன்றிணையும்போதே மலைநாட்டின் அணிமாற்றம் கட்சிகளின் வெற்றி தோல்விகளுக்கு அப்பாற் பொருள்பெறும்.